என் ஈஸ்டர் முடிந்துவிட்டது, ஏதென்ஸின் ஈஸ்டர் முடியவில்லை

ஏதென்ஸில் உள்ள பைசாந்திய, கிறிஸ்தவ அருங்காட்சியகத்தைப் பார்ப்பதற்காகவே நான்கு வருடம் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்தேன். பைசாந்தியம் என்றால் பழைய கிழக்கு ரோமானியப் பேரரசு. 2024 மே மாதம் தஞ்சாவூரிலிருந்து தனியாகக் கிளம்பிப் போனேன். அந்த ஊரில் நான்கு இரவு தங்கினேன். அருங்காட்சியகத்துக்குள் இருந்தது இரண்டே மணி நேரம். வந்த பிறகு உட்கார்ந்து கூட்டிப் பார்த்ததில் மொத்தச் செலவு 1,35,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஒரு மணி நேரத்துக்கு 67 ஆயிரம் ரூபாய் கொடுத்துப் படம் பார்த்த ஆள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான் இருப்பேன். இது என் முட்டாள்தனம்தான், மறைக்கவில்லை. ஆனால் போவதற்கு முன்னால் யாராவது ஒருவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நான் தஞ்சாவூர் ஓவியம் போடுகிறவள். பலகையில் துணி ஒட்டி, அதன்மேல் சுக்கான் பொடியும் பசையும் பூசித் தேய்த்து, மக்கு வைத்து (மேடாக எழுப்பும் பசைப் பூச்சு அது), தங்க ரேக்கு என்ற மெல்லிய தங்கத் தகட்டை ஒட்டி, வண்ணம் கொடுப்பது எங்கள் வேலை. கண்ணனும் லட்சுமியும் அதிகம் போடுவேன்; கேட்பவர்களுக்கு வேளாங்கண்ணி மாதாவும் போட்டுக் கொடுப்பேன், நான் கத்தோலிக்கப் பெண் என்பதால் அதில் ஒரு தனி ஆசை உண்டு. சில வருடங்களுக்கு முன்பு பைசாந்திய ஐகான்கள், அதாவது மரப்பலகையில் தீட்டிய திருவுருவப் படங்கள், எப்படிச் செய்யப்பட்டன என்று படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்களும் பலகையில் துணிதான் ஒட்டுகிறார்கள். அதன்மேல் சுண்ணத்தூளும் தோல் பசையும் கலந்த வெண்பூச்சு. அதைக் கண்ணாடிபோல் தேய்த்துத் தங்கம். பிறகு முட்டை மஞ்சள் கருவில் குழைத்த வண்ணம். எங்களுக்கும் அவர்களுக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்ததாக நான் எங்கும் படித்ததில்லை. ஆனால் பலகை வெடிக்கும், அதைத் துணி தாங்கும் என்ற அறிவு இரண்டு பட்டறைக்கும் வந்திருக்கிறது. அந்தத் தங்கத்தை ஒரு முறையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

ஏதென்ஸ் அருங்காட்சியகத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், ஒரே கூரையின்கீழ் ரோமானியக் காலத்தின் கடைசியிலிருந்து நவீன காலம் தொடங்கும்வரை வரிசையாகப் பார்க்கலாம் என்பது. 1914இல் தொடங்கியது. 1930இலிருந்து ‘வில்லா இலிஸியா’ என்ற மாளிகையில் இருக்கிறது. பிளாசான்ஸ் சீமாட்டி என்று அழைக்கப்பட்ட ஒரு பிரெஞ்சுப் பிரபு வீட்டம்மாள் 1840களில் தனக்காகக் கட்டிக்கொண்ட மாளிகை அது. இறந்துபோன மகளின் உடலைப் பதப்படுத்தி வீட்டிலேயே வைத்திருந்த அம்மாள். அந்தக் கதை தனி.

தேதி பார்த்த விஷயத்துக்கு வருகிறேன், என் சனியன் அங்கேதான் தொடங்கியது. ஈஸ்டர் சமயம் ஐரோப்பாவில் எல்லாம் மூடியிருக்கும், கட்டணமும் ஏறும் என்று எனக்குத் தெரியும். எங்கள் கோவிலில் 2024 ஈஸ்டர் மார்ச் 31. சாம்பல் புதன், பெரிய வியாழன், புனித வெள்ளி எல்லாம் ஒழுங்காக இருந்து முடித்துவிட்டேன். ஒரு மாதம் தள்ளி, மே 4 சனிக்கிழமை போய் இறங்கி 8ஆம் தேதி புதன்கிழமை திரும்புவது என்று டிக்கெட் போட்டேன். போக வர 61 ஆயிரம். என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்கு அந்த வருட ஈஸ்டர் மே 5 என்பது எனக்குத் தெரியாது. ஞானஸ்நானம் பெற்று நாற்பத்து மூன்று வருடமாகக் கோவிலுக்குப் போகிறவளுக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை இறங்கினேன் என்றால், அவர்களுடைய பெரிய சனிக்கிழமையன்று இறங்கியிருக்கிறேன்.

கணக்கு இதுதான். 325ஆம் ஆண்டு நிக்கேயா சங்கத்துக்குப் பிறகு நிலைத்த முறைப்படி, மார்ச் 21ஐ ஒட்டியோ அதற்குப் பின்போ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். இதில் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. நாம் 1582இல் திருத்திய கிரகோரியன் நாட்காட்டியில் மார்ச் 21ஐப் பார்க்கிறோம். அவர்கள் ஈஸ்டருக்கு மட்டும் பழைய ஜூலியன் கணக்கை விடவில்லை. அந்தக் கணக்கின் மார்ச் 21 இப்போது நமக்கு ஏப்ரல் 3. 2024இல் பௌர்ணமி மார்ச் 25 அன்று வந்தது. நமக்கு அது கணக்கில் சேர்ந்தது, அவர்களுக்குச் சேரவில்லை. அவர்களுடைய பழைய பௌர்ணமிக் கணக்கும் சில நாள் பின்தங்கியது. இரண்டும் சேர்ந்து ஐந்து வாரம் தள்ளிப்போனது. சில வருடங்களில் இரண்டும் ஒரே நாளில் வரும். 2025இல் ஏப்ரல் 20 இருவருக்கும் பொது. 2027இல் மறுபடி ஐந்து வார இடைவெளியில் மார்ச் 28, மே 2 என்று பிரிகிறது, போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். கிரீஸ், சைப்ரஸ், ருமேனியா, செர்பியா, பல்கேரியா என்று எந்த ஆர்த்தடாக்ஸ் நாட்டுக்குப் போனாலும் ‘ஈஸ்டர்’ என்று தேடாமல் ‘ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர்’ என்று தேடுங்கள். யாராவது சொல்லியிருக்கலாம் என்றேனே, அந்த ஒரு வாக்கியம் இதுதான்.

விசா பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு அப்போது கட்டணம் 80 யூரோ. அந்த ஜூன் மாதத்திலிருந்து 90 ஆக்கிவிட்டார்கள். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம், சென்னைக்குப் போய்வந்த செலவு எல்லாம் சேர்த்து 11,200 ரூபாய் ஆனது. 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கான காப்பீடு கட்டாயம். விண்ணப்பத்தில் ‘பயண நோக்கம்’ என்ற இடத்தில் அருங்காட்சியகத்தின் பெயரை எழுதி, நாள்வாரியாகத் திட்டமும் வைத்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அருங்காட்சியகம், திங்கள் பழைய கோவில்கள் இருக்கும் அக்ரோபோலிஸ் குன்று, செவ்வாய் மீதி எதுவோ அது. அந்தத் தாளை வாங்கிப் பார்த்தவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வது அவர் வேலையும் இல்லை.

சனிக்கிழமை பகல் 12.40க்கு விமானம் இறங்கியது. விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு ரயில் டிக்கெட் 9 யூரோ, நாற்பது நிமிடப் பயணம். விடுதியில் பெட்டியைப் போட்டுவிட்டு இரண்டரை மணிக்கு அருங்காட்சியகம் என்று மனக்கணக்கு. வழியில் ஒரு நிறுத்தத்தில் நான்கைந்து பேர் ஏறினார்கள். பெட்டியில் இடம் இருந்தும் கதவருகே என்னைச் சுற்றி நின்றார்கள். ஒரு பெண்ணின் கையிலிருந்து சாவிக்கொத்து என் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னாள். அடுத்த நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் கைப்பையின் வெளி ஜிப் திறந்து கிடக்கிறது. பர்ஸ் இல்லை. 120 யூரோ ரொக்கம், பயணத்துக்காக வங்கியில் வாங்கிய ஃபோரெக்ஸ் கார்டு, என் அம்மாவின் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம்.

அந்த நிமிடம் எனக்கு வந்தது பயம்கூட இல்லை, வெட்கம். சாவியை எடுத்துக் கொடுத்தேனே என்ற வெட்கம். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது, அழக்கூட ஒரு முகம் தெரிந்தவர் இல்லை. பாஸ்போர்ட்டும் 150 யூரோவும் ஒரு சுருக்குப்பையில் ரவிக்கைக்குள் இருந்தன. என் அத்தை சந்தைக்குப் போகும்போது செய்வது அது. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது அத்தைதான். இங்கே சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன. பணத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள், அது எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதது என்னவென்றால், கார்டைத் தொட்டுப் பணம் கொடுக்கும் வசதியை வங்கியின் செயலியில் போய் அணைத்துவைக்கலாம். நான் அணைக்கவில்லை. ஐரோப்பாவில் பொதுவாக 50 யூரோ வரைக்கும் ரகசிய எண் இல்லாமலே தொட்டுக் கொடுத்துவிட முடியும். வங்கியின் உதவி எண்ணைப் பிடித்துக் கார்டை முடக்க எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதற்குள் யாரோ எங்கோ 46 யூரோவுக்குப் பொருள் வாங்கிவிட்டார்கள். உதவி எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். நான் எழுதி பர்ஸுக்குள் வைத்திருந்தேன்.

கிரீஸில் சுற்றுலாக் காவல்துறை என்று தனியாக உண்டு, 1571 என்ற எண்ணில் ஆங்கிலத்தில் பேசலாம். புகார் எழுதிக் கொடுத்தால்தான் காப்பீட்டுக்குத் தாள் கிடைக்கும் என்று போனேன். எனக்கு முன்னால் பதினோரு பேர், எல்லோருக்கும் அதே கதை. வெளியே வந்தபோது மணி ஆறு. பிறகு விடுதியில் பெரியவர் ஒருவர் சாவி கொடுத்துக்கொண்டே, “நள்ளிரவுக்கு மெழுகுதிரி வாங்கிவிட்டீர்களா?” என்று கேட்டார். எதற்கு என்றேன். ஈஸ்டருக்கு என்றார். ஈஸ்டர் போன மாதமே முடிந்துவிட்டதே என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்துச் சொன்னார்: “உங்கள் ஈஸ்டர் முடிந்திருக்கலாம் அம்மா. எங்கள் கிறிஸ்து இன்னும் கல்லறையில்தான் இருக்கிறார்.” பிறகு விரல் விட்டு எண்ணினார். நாளை ஞாயிறு எல்லாம் மூடியிருக்கும். திங்கள் அரசு விடுமுறை. மே தினம் இந்த வருடம் புனித வாரத்துக்குள் வந்துவிட்டதால் அதைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள், ஆகவே செவ்வாயும் விடுமுறை. புதன் நன்றாக இருக்கும் என்றார். புதன் எனக்கு விமானம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மேசையடியிலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்து நீட்டினார்.

அறைக்குப் போய் தம்பிக்குப் போன் செய்தேன். “என்ன அக்கா சொல்கிறீர்கள், ஈஸ்டர் இரண்டு முறையா வரும்?” என்றான். அவன்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அங்கே இரவு பத்தரை, தூக்கத்தில் இருந்தவன்.

நள்ளிரவுக் கோவிலைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. விடுதிக்கு இரண்டு தெரு தள்ளிச் சிறிய கோவில். உள்ளே இடமில்லாமல் ஜனம் தெருவில் நின்றது. எங்கள் ஊரிலும் பாஸ்கா திருவிழிப்பில் விளக்கணைத்துப் புதுத்தீ ஏற்றுவோம், அதனால் இருட்டு வந்ததும் எனக்கு உடம்பு பழகிக்கொண்டது. உள்ளேயிருந்து ஒரு சுடர் வந்தது, ஒரு திரியிலிருந்து இன்னொரு திரிக்கு என்று தெரு முழுவதும் பரவியது. பன்னிரண்டு அடித்ததும் ‘கிறிஸ்தோஸ் அனெஸ்தி’ (கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்) என்ற பாட்டு, மணி, வேட்டு. பெரிய வேட்டு, நம்மூர்த் தீபாவளி தோற்றது. கூட்டம் கலைந்த பிறகு உள்ளே போனேன். வாசலில் மாதாவின் ஐகான் ஒன்று. வெள்ளித் தகட்டுக் கவசத்துக்குள்ளிருந்து முகமும் கைகளும் மட்டும் தெரிகின்றன. ஒவ்வொருவராக வந்து குனிந்து கண்ணாடியில் முத்தமிட்டுப் போகிறார்கள். ஒரு பாட்டி துணியால் துடைத்துக்கொண்டே இருக்கிறார், துடைத்த இடத்தில் மறுபடி உதட்டுச் சாயம். முகம் புகையில் கறுத்து, கண்ணின் வெள்ளை மட்டும் மிச்சம். மெழுகுதிரி அணையாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசல்நிலையின் மேல்கட்டையில் புகையால் சிலுவை போடுவார்களாம். விடுதிப் பெரியவர் என் கண்முன்னே நாற்காலி போட்டு ஏறி அதைச் செய்தார்.

ஞாயிறு முழுப் பட்டினி ஆகியிருக்கும். கையில் இருந்த 150இல் விடுதிக்குத் தங்கல் வரி 12 யூரோ தனியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அறை வாடகையை முன்பே கட்டியிருந்தாலும் மூன்று நட்சத்திர விடுதிக்கு 2024இல் இரவுக்கு 3 யூரோ வீதம் நேரில் கேட்டார்கள், இதையும் யாரும் சொல்லவில்லை. அக்கம்பக்கம் கடை இல்லை. பெரிய பண்டிகை நாளில் போகிறவர்கள் முந்தின நாளே ரொட்டி, பழம், தண்ணீர் வாங்கிவையுங்கள். நான் காவல் நிலையத்தில் இருந்தேன். பிற்பகல் பெரியவரின் குடும்பம் விடுதியின் பின்முற்றத்தில் ஆட்டைக் கம்பியில் கோர்த்துச் சுட்டுக்கொண்டிருந்தது, என்னையும் கூப்பிட்டார்கள். முந்தின இரவு மிச்சமிருந்த மயிரிச்சா சூப்பைச் சூடுபண்ணிக் கொடுத்தார்கள். ஆட்டுக் குடலும் ஈரலும் கீரையும் போட்டு எலுமிச்சை பிழிந்தது. நம் வீட்டுக் குடல் குழம்பில் மிளகாயை எடுத்துவிட்டுப் புளிப்பைக் கூட்டினால் அதுதான். சிவப்புச் சாயம் போட்ட முட்டையை என் கையில் கொடுத்து, அவர்கள் முட்டையால் அதன் தலையில் தட்டினார்கள். என்னுடையது உடையவில்லை. இந்த வருடம் எனக்குத்தான் அதிர்ஷ்டம் என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை செய்த தவறுதான் இன்றுவரை உறுத்துகிறது. விடுமுறை என்று பெரியவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். அரசு விடுமுறையென்றால் அருங்காட்சியகமும் மூடியிருக்கும் என்று நானே முடிவு கட்டி, தொலைபேசியில்கூடக் கேட்கவில்லை, போயும் பார்க்கவில்லை. அலுவலக விடுமுறை வேறு, அருங்காட்சியக விடுமுறை வேறு. அருங்காட்சியகத்தின் சொந்த அறிவிப்பைப் பாருங்கள், முடிந்தால் போன் செய்யுங்கள். மனம் உடைந்துவிட்டால் ஆள் இப்படித்தான், கதவு மூடியிருக்கிறதா என்று தள்ளிக்கூடப் பார்ப்பதில்லை.

அதற்குப் பதிலாக நடந்தேன். காசில்லாதவளுக்குத் தெருவில் இருக்கும் பைசாந்தியம். எர்மூ என்ற துணிக்கடை வீதியின் நட்ட நடுவில் கப்னிகாரேயா என்ற பதினோராம் நூற்றாண்டுக் கோவில் நிற்கிறது, தெரு அதற்காக இரண்டாகப் பிரிந்து போகிறது. கொஞ்சம் தள்ளிப் பெரிய பேராலயத்தின் பக்கத்தில் ‘சின்ன மித்ரோபோலிஸ்’ என்று குட்டிக் கோவில் ஒன்று. சுவர் முழுக்க பழைய கோவில்களிலிருந்தும் கல்லறைகளிலிருந்தும் எடுத்த பளிங்குப் பலகைகள். வாசலுக்கு மேலே நீளமாக ஒரு புடைப்புச் சிற்ப வரிசை. பழங்கால ஏதென்ஸின் திருவிழா நாட்காட்டி அது, மாதம் மாதமாகச் சடங்குகளும் ராசிச் சின்னங்களும் செதுக்கியது. பின்னால் வந்த கிறிஸ்தவர்கள் அதன்மேல் சிலுவைகளைக் கொத்தித் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். காலண்டர் பார்க்காமல் வந்து சேர்ந்தவளுக்குத் தலைக்கு மேலே ஒரு காலண்டர். அங்கேயே படியில் உட்கார்ந்து விட்டேன்.

செவ்வாய்க்கிழமை மனசு கேட்காமல் வாசல்வரை போனேன். அருங்காட்சியகத்துக்கு இவாங்கெலிஸ்மோஸ் நிலையம்தான் அருகில், இறங்கி வசிலிஸிஸ் சோஃபியாஸ் பெருஞ்சாலையில் சில நிமிட நடை. கேட் பூட்டியிருந்தது. விடுமுறைக்காக மட்டுமில்லை, செவ்வாய் அவர்களுக்கு வார விடுமுறையே. ஊருக்கெல்லாம் திங்கள் மூடும் அருங்காட்சியகங்கள் என்று நினைத்திருந்தேன். ஆக நான் போட்ட திட்டத்தில் ஈஸ்டரே இல்லாமல் இருந்தாலும் ‘மீதி எதுவோ அது’ என்று விட்ட நாள் எனக்கு உதவியிருக்காது. கம்பி வழியாக முற்றத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை. விமானம் பிற்பகல் 3.10க்கு. பெட்டியை விட்டுவைக்க ஒரு கடையைக் கண்டுபிடித்து, அவர்கள் திறக்கும்வரை காத்திருந்ததில் அரைமணி நேரம் போனது. கடைசி நாளில் பெட்டியோடு அலைவதைவிட விடுதியிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கலாம். 9.20க்கு உள்ளே நுழைந்தேன். கட்டணம் அப்போது 8 யூரோ. முன்னால் தெரிகிற மாளிகை ஏமாற்றும். காட்சிக்கூடங்கள் முற்றத்துக்குக் கீழே பூமிக்குள் இறங்கி இறங்கிப் போகின்றன. இரண்டு பெரிய பகுதிகள்: பழைய உலகத்திலிருந்து பைசாந்தியம் வரை, பைசாந்தியத்திலிருந்து நவீன காலம் வரை. இரண்டு மணி நேரத்தில் இரண்டும் முடியாது என்று முதல் பத்து நிமிடத்திலேயே புரிந்தது. ஓடக்கூடாது, பார்ப்பதைப் பார்ப்போம் என்று இரண்டாவது பகுதியை அப்போதே மனதில் கைகழுவினேன். அது நான் எடுத்த ஒரே நல்ல முடிவு.

நுழைந்ததும் நான்காம் நூற்றாண்டுப் பளிங்கில் யாழ் மீட்டும் கிரேக்கப் புராணப் பாடகன் ஆர்ஃபியூஸ், சுற்றிலும் விலங்குகள். அதே காலத்து, தோளில் ஆட்டைச் சுமக்கும் நல்ல மேய்ப்பன். பழைய கதையின் பாடகனையே தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் கிறிஸ்துவின் அடையாளமாகப் பார்த்தார்கள். லெஸ்போஸ் தீவில் 1951இல் கிடைத்த, ஏழாம் நூற்றாண்டில் யாரோ பயந்து புதைத்த வெள்ளிப் பாத்திரங்களும் நகைகளும் ஒரு பெட்டியில். அதைப் பார்த்ததும் என் பர்ஸ் ஞாபகம் வந்தது, வேகமாகக் கடந்துவிட்டேன்.

என்னை நிறுத்தியது சுவரோவியங்கள். எவ்ரிதானியா மலைப்பகுதியில் எபிஸ்கோபி என்ற ஊரின் கோவில், 1960களில் கிரெமஸ்தா அணை கட்டியபோது நீருக்குள் போனது. போவதற்கு முன் ஓவியங்களைச் சுவரிலிருந்து உரித்தெடுத்துவிட்டார்கள். உரிக்க உரிக்க ஒன்றின்கீழ் ஒன்றாக மூன்று காலத்து ஓவியங்கள். அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து இங்கே வைத்திருக்கிறார்கள். எங்கள் பெரிய கோவில் கருவறைச் சுற்றில் நாயக்கர் காலத்துப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியம் இருந்த கதை தெரிந்தவளுக்கு அந்த இடத்தை விட்டு நகர முடியுமா? மேலே பூசியவன் கீழே இருப்பதை அழிக்க நினைத்துப் பூசவில்லை. சுவர் பழசாகிவிட்டது, புதிதாக வேண்டும், அவ்வளவுதான். நானும் வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய படத்தின்மேல் எத்தனை முறை பூசியிருக்கிறேன். இருபத்தைந்து நிமிடம் அங்கே போனது.

பிறகு ஐகான்கள். இருபுறமும் தீட்டிய ஒரு பலகை, ஒரு பக்கம் சிலுவைப்பாடு. அதில் ஒன்பது, பத்து, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளின் கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. மறுபக்கத்து மாதா பதினாறாம் நூற்றாண்டு. கஸ்தோரியாவிலிருந்து வந்த புனித ஜார்ஜ், மரத்தில் புடைப்பாகச் செதுக்கி வண்ணம் கொடுத்தது, எங்கள் மக்கு வேலைக்கு மூத்த அண்ணன்போல் நின்றார். சின்ன ஆசியாவின், அதாவது இன்றைய துருக்கியின், திரிக்லியாவிலிருந்து 1922இல் அகதிகள் சுமந்துவந்த மாதா, பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் துளித்துளியான கற்களால் பதித்தது. வீட்டை விட்டு ஓடுகிறவர்கள் அந்தக் கனத்தைத் தூக்கி வந்திருக்கிறார்கள்.

கடைசியாக மிக்கேல் அதிதூதர், பதினான்காம் நூற்றாண்டு, கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) பட்டறை வேலை. ஒரு கையில் கோல், மறு கையில் கண்ணாடிபோன்ற உருண்டை. அதில் மூன்று கிரேக்க எழுத்துகள், ‘கிறிஸ்து, நீதியான நடுவர்’ என்பதன் சுருக்கம். நான் முகத்தைப் பார்க்கவில்லை, தங்கத்தைப் பார்த்தேன். எங்கள் ரேக்கு மக்கின்மேல் மேடாக நின்று நகையாகவும் தோரணமாகவும் மின்னும். இங்கே தங்கம் மட்டமாகக் கிடக்கிறது, உருவத்துக்குப் பின்னால் வானம் இருக்க வேண்டிய இடத்தில். நான் அரையடி நகர்ந்தால் ஒரு பக்கம் இருண்டு இன்னொரு பக்கம் எரிகிறது. நகர்ந்து நகர்ந்து பார்த்ததில் காவலர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கினார். இன்னொரு பலகையின் ஓரத்தில் தங்கம் தேய்ந்து கீழே செம்மண் பூச்சு தெரிந்தது, அடிவிளிம்பில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கருகல். எவளோ ஒருத்தி மெழுகுதிரியை ரொம்பப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். சனிக்கிழமை இரவைப் பார்த்திருக்காவிட்டால் அதை நான் பழுது என்று நினைத்திருப்பேன். அதற்காகச் சனிக்கிழமைக்கு நன்றி சொல்லமாட்டேன். எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது, நான்கு நாள் வேண்டியிருந்தது. 11.20க்கு வெளியே வந்தேன், கிரீட் தீவு ஓவியர்கள் முழுவதும் கீழே இருந்தார்கள், ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை.

ஊருக்கு வந்து காப்பீட்டுக்கு எழுதினேன். காவல்துறைத் தாள் கிரேக்க மொழியில் இருந்தது, மொழிபெயர்ப்பு கேட்டார்கள். கொடுத்த பிறகு ரொக்கம் எங்கள் திட்டத்தில் வராது என்று பதில். வாங்கும்போது படித்திருக்க வேண்டிய வரி, மூன்றாவது பக்கத்தில் இருந்தது. 46 யூரோவுக்கு வங்கியோடு இரண்டு மாதம் எழுதிவிட்டு விட்டுவிட்டேன். அம்மாவின் படம் வேறு பிரதி இருக்கிறது.

போனால் எப்படிப் போக வேண்டும் என்று இப்போது கேட்கிறவர்களுக்கு இவ்வளவுதான் சொல்கிறேன்: எதற்காகப் போகிறீர்களோ அதை முழுதாகக் கிடைக்கும் முதல் நாளிலேயே வையுங்கள், இறங்கிய நாளிலும் கிளம்பும் நாளிலும் வைக்காதீர்கள். இந்த அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள் போதாது, ஒன்றரை நாள் ஒதுக்குங்கள். பக்கத்திலேயே அரிஸ்டாட்டில் பாடம் நடத்திய லைசியத்தின் அகழ்விடமும் இருக்கிறது, மீதி அரை நாளுக்கு அது.

போன மாதம் புதுச் சீட்டில் சேர்ந்தேன். “இந்த முறை எந்த மாதம் அக்கா?” என்று தம்பி கேட்டான். அக்டோபர் என்றேன், 28ஆம் தேதி மட்டும் வேண்டாம். அன்று அவர்களுக்குத் தேசிய விடுமுறை, அரசு அருங்காட்சியகங்களில் கட்டணம் கிடையாது, கூட்டம் அலைமோதும். “உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?” என்றான்.